இரைப்பை அறுவை: புண்ணிலிருந்து பருமனுக்கு

உடல் எடையைக் குறைக்க இன்று செய்யப்படும் அறுவைகளில் முக்கியமானவை எடைக்காகத் தோன்றியவை அல்ல. வயிற்றுப்புண்ணாலும் இரைப்பைப் புற்றாலும் வாடி, எலும்பும் தோலுமாக வந்த நோயாளிகளைக் காப்பாற்றத்தான் அவற்றின் மூல வடிவங்கள் உருவாயின. 1881-ஆம் ஆண்டு ஜனவரியில் வியன்னாவில் தியோடர் பில்ரோத் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, நோயாளி பிழைத்த முதல் அறுவையைச் செய்தார். அதே ஆண்டு அவருடைய உதவியாளர் அன்டன் வோல்ஃப்ளர், இரைப்பையை வெட்டாமல் சிறுகுடலின் ஒரு வளைவை இழுத்து நேரே இரைப்பையோடு தைத்தார். அடைபட்ட வாசலை விட்டுவிட்டுப் பக்கச் சுவரில் வேறொரு வாசல் திறக்கும் வேலை அது. கேஸ்ட்ரோஜெஜுனாஸ்டமி என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த இணைப்பு அடுத்த நூறு ஆண்டுகளில் உலகிலேயே அதிகமாகச் செய்யப்பட்ட பகுதிகளில் ஒன்று தென்னிந்தியா.

அதன் முக்கியக் களம் நெய்யூர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அந்த ஊர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி அங்கே 1838-லேயே தொடங்கிவிட்டது. 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்த தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், மலையிலிருந்து இறங்கியபின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டு நெய்யூருக்கு வந்தார். வெளியே நோயாளிகள் கூட்டம், உள்ளே மருத்துவர் பற்றாக்குறை. லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். 1924-இல் மறுபடி எவரெஸ்ட் ஏறி 28,000 அடி வரை சென்று திரும்பியதும் நெய்யூரிலிருந்துதான். மலையேற்ற வரலாற்றில் அவர் பெயருக்குக் கிடைத்த இடம் தமிழ்நாட்டின் மருத்துவ வரலாற்றில் கிடைக்கவில்லை. நியாயப்படி இரண்டாவதில்தான் அவருக்குப் பெரிய இடம் கிடைத்திருக்க வேண்டும்.

நெய்யூருக்கு வந்த வயிற்று நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழை உழைப்பாளிகள். முன்சிறுகுடலில் புண் வந்து, ஆறி, மறுபடி வந்து, கடைசியில் தழும்பு இறுகி வழியே மூடிவிடும். அந்த நிலையில் வருபவர் காலையில் வாந்தி எடுத்தால் முந்தைய நாள் சாப்பிட்டது அப்படியே வெளிவரும். வயிற்றைப் பிடித்து இலேசாகக் குலுக்கினால் உள்ளே நீர் தளும்பும் சத்தம் கேட்கும். மெலிந்த வயிற்றுச் சுவருக்குக் கீழே இரைப்பை இடமிருந்து வலமாக அலை அலையாக முட்டி நகர்வது கண்ணுக்கே தெரியும். எக்ஸ்ரே எடுக்காமலே நோயைச் சொல்லிவிடலாம். அவருக்குச் செய்யப்படுவது வோல்ஃப்ளர் தொடங்கிவைத்த இணைப்பு. சிறுகுடலின் முதல் வளைவை மேலே கொண்டுவந்து, இரைப்பையின் பின்சுவரோடு சேர்த்து, உள் அடுக்கைக் கேட்கட் நூலாலும் வெளி அடுக்கைப் பட்டு நூலாலும் தைப்பார்கள். வலியும் வாந்தியும் நின்று, சாப்பாடு இறங்கத் தொடங்கும்.

சாமர்வெல்லும் அவருடன் நெய்யூரில் பணியாற்றிய ஐயன் ஓரும் இந்த அனுபவத்தை 1936-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் நீண்ட கட்டுரையாக எழுதினார்கள். நோய் ஏன் தெற்கே இத்தனை அதிகம் என்பதுதான் அப்போதைய பெரிய கேள்வி. குன்னூரில் உணவு ஆய்வாளர் ராபர்ட் மக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல வட்டார உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். மரவள்ளிக்கிழங்கை நம்பியிருந்த திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டைத் தின்ற எலிகளிடம் வயிற்றுப்புண் தெரிந்தது. கோதுமை, பால், பருப்பு கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகளிடம் தெரியவில்லை. 1940 வாக்கில் ஜே. ஆர். டோக்ரா மருத்துவமனைப் பதிவுகளைத் தொகுத்து, வடக்கைவிடத் தெற்கில் இந்நோய் பல மடங்கு என்று காட்டினார். பிற்பாடு மைசூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவி இதே கேள்வியைப் பல ஆண்டுகள் துரத்தினார். அவரும் ஜெயராஜ் என்ற ஆய்வாளரும் சேர்ந்து, புண் குறைவாக உள்ள பகுதிகளின் தானியங்களையும் பயறுகளையும் எலிகளில் சோதித்தார்கள். புண்ணைத் தடுக்கும் தன்மை தெரிந்தவற்றில் ஒன்று கொள்ளு. அதிலும் அதன் கொழுப்புச் சத்து.

கொள்ளு என்றால் தமிழர் நினைவுக்கு வருவது வேறு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியில் அது எடை குறைக்கும் பண்டம். தர்மபுரி மாவட்டத்து மானாவாரி நிலங்களில் கேழ்வரகும் சாமையும் கொள்ளும்தான் நெடுங்காலமாக விளைந்தவை. அரூர் வட்டத்தில் உள்ள தீர்த்தமலையைச் சுற்றிய ஊர்களிலும், பக்கத்துச் சித்தேரி மலையிலும் களியும் சாமைச் சோறும் கொள்ளு ரசமும் அன்றாடச் சாப்பாடாக இருந்தன. நெல்லுச் சோறு பண்டிகைக்கு. இப்போது நிலைமை தலைகீழ். 2008-இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 முதல் விலையே இல்லை. பசியைத் தீர்த்த திட்டம் அது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மழையை நம்பிப் பயிர் செய்து, நாளெல்லாம் காட்டில் உழைத்த உடம்புக்கான சாப்பாடு ஒன்று; திருப்பூர் பனியன் கம்பெனியிலும் பெங்களூர் கட்டட வேலையிலும் மாட்டிக்கொண்ட உடம்புக்குக் கிடைக்கும் பரோட்டாவும் பேக்கரிப் பண்டமும் வேறொன்று.

இந்த மாற்றம் மாநிலம் முழுவதற்கும் பொது. 2015–16-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ பருமனோ உள்ளவர்கள். 2019–21 கணக்கெடுப்பில் அது 40.4 ஆகிவிட்டது, ஆண்களில் 37. இந்தக் கணக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 25 என்ற எல்லையை வைத்துப் போட்டது. இந்திய உடம்புக்கு அந்த எல்லையே அதிகம். 2004-இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் ஒன்றாக வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சி. எஸ். யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்பில் கொழுப்பின் பங்கு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லியான இந்தியருக்கும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பும் அதோடு சர்க்கரை நோயும் வரும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

எடைக்கென்றே செய்த அறுவை 1950-களில் தொடங்கியது. அது இரைப்பையைத் தொடவே இல்லை. 1954-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னால்ட் கிரெமனும் சக மருத்துவர்களும், சிறுகுடலின் தொடக்கப் பகுதியை நேராகக் கடைசிப் பகுதியோடு இணைக்கும் முறையை வெளியிட்டார்கள். சாப்பிட்டது சத்தாக உறிஞ்சப்படுமுன் பெருங்குடலுக்குப் போய்விடும். 1969-இல் பெய்ன், டிவின்ட் இருவரும் அதற்கு நிலையான அளவு கொடுத்தார்கள்: மேல்குடலில் 14 அங்குலம், கடைக்குடலில் 4 அங்குலம். எடை நன்றாகவே இறங்கியது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், மூட்டுவலி, சிலருக்குக் கல்லீரலே செயலிழந்து மரணம். பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து பழையபடி இணைக்க வேண்டியதாயிற்று. இந்த முறை கைவிடப்பட்டுவிட்டாலும், எடை அறுவை என்றாலே ஆபத்து என்ற பெயர் அதனால் வந்து, நீண்ட காலம் நின்றது.

திருப்பம் அயோவாவில் வந்தது. எட்வர்ட் மேசன் அங்கே வயிற்றுப்புண் அறுவைகள் செய்துவந்தவர். புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்த பெண்களுக்கு அதன்பின் எவ்வளவு முயன்றும் எடை கூடவில்லை என்பதைக் கவனித்தார். இது புதிய தகவல் அல்ல. இரைப்பை அறுவை செய்த எல்லோருக்கும் தெரிந்த தொல்லைதான். நோயாளி மெலிவதை அறுவையின் குறையாகத்தான் கருதினார்கள். அந்தக் குறையைப் பருமன் உள்ளவருக்குப் பயனாக்கலாமே என்று தோன்றியதுதான் மேசனின் சாதனை. 1966-இல் அவரும் சிகாஷி இடோவும் இரைப்பையின் மேல்பகுதியை மட்டும் ஒரு சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலின் வளைவை அதோடு தைத்தார்கள். கீழ் இரைப்பை வெட்டி எறியப்படாமல் உள்ளேயே, உணவு வராமல் கிடந்தது. இதுதான் கேஸ்ட்ரிக் பைபாஸ். தையலைப் பொறுத்தவரை இது நெய்யூரில் செய்த அதே வளைவு இணைப்பு, மாறியது நோயாளிதான்.

அதன் பலவீனமும் நெய்யூர்க்காரர்களுக்குப் பழக்கமானதே. வளைவாக இணைத்தால் பித்தநீர் ஏறி இரைப்பைப் பையை எரிக்கும். இணைப்பு வாயிலேயே புதுப் புண் வரும். 1977-இல் வார்ட் கிரிஃபென், சுவிஸ் மருத்துவர் சேசர் ரூ 1890-களில் வகுத்த ஒய் வடிவ இணைப்பைக் கொண்டுவந்து பித்தத்தை விலக்கினார். இன்று ரூ-என்-ஒய் பைபாஸ் என்று சொல்வது இதைத்தான். மேல் பை 15 முதல் 30 மில்லிலிட்டர் மட்டும் பிடிக்கும், ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு மேசைக்கரண்டி. இருபது ஆண்டுக்குப்பின், 1997-இல், ராபர்ட் ரட்லெட்ஜ் நீண்ட குறுகலான பையோடு ஒரே ஓர் இணைப்பு போதும் என்று பழைய வளைவுக்கே திரும்பினார். மினி பைபாஸ் என்ற பெயரில் அது இந்தியாவில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. பித்தம் ஏறும் என்ற பழைய ஆட்சேபமும் கூடவே திரும்பி வந்திருக்கிறது.

மற்ற முறைகள் பலவும் வந்துபோயின. ஜெனோவாவைச் சேர்ந்த நிக்கோலா ஸ்கோபினாரோ 1970-களின் இறுதியில் குடலின் பெரும்பகுதியை விலக்கும் கடுமையான முறை ஒன்றை வகுத்தார்; எடை குறைவதில் அதை மிஞ்ச ஒன்றில்லை, சத்துக் குறைவிலும் அப்படியே. சிலிக்கான் வளையத்தை இரைப்பையின் கழுத்தில் மாட்டி, தோலுக்கடியில் வைத்த குமிழ் வழியாக உப்புநீர் ஏற்றி இறுக்கும் முறையை 1986-இல் லூபோமிர் குஸ்மாக் அறிமுகம் செய்தார். வெட்டவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம் என்பதால் இருபது ஆண்டு அது கொடிகட்டிப் பறந்தது. பிறகு வளையம் நழுவுவதும் இரைப்பைக்குள் அரித்து இறங்குவதும் அதிகமாகி, போட்டவர்களே கழற்றும் நிலை வந்தது.

இன்று உலகில் அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் அறுவை, உண்மையில் ஒரு பாதி அறுவையாகத் தொடங்கியது. மிக அதிக எடை உள்ளவருக்கு முழு அறுவையையும் ஒரே மூச்சில் செய்வது ஆபத்து என்பதால், 2000-ஆம் ஆண்டு வாக்கில் மிஷேல் கானியே முதலில் இரைப்பையை மட்டும் குறுக்கிவிட்டு, குடல் வேலையைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்றார். முதல் கட்டம் முடிந்து எடை இறங்கிய பலர் இரண்டாவதற்கு வரவே இல்லை. தேவையும் இருக்கவில்லை. இதில் வாய் வழியாக ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை இறக்கி, அதை அளவுகோலாக வைத்து இரைப்பையை நெடுக வெட்டுவார்கள். வெட்டும் கருவி ஸ்டேப்ளர். ஒரு முறை அழுத்தினால் பக்கத்துக்கு மூன்று வரிசையாக டைட்டானியம் ஊசிகள் பதிந்து, நடுவில் கத்தி ஓடும். ஐந்தாறு முறை அழுத்தினால் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் தனியே வந்துவிடும். மிஞ்சுவது வாழைக்காய் பருமனில் ஒரு குழாய். வெட்டிய பகுதி ஒரு துளை வழியாக வெளியே எடுக்கப்படுவதால், இதை மாற்றிப் பழையபடி ஆக்க வழியில்லை. ஆபத்து எங்கே என்றால் உணவுக்குழாய்க்குப் பக்கத்தில் வரிசை முடியும் மூலையில். அங்கே கசிந்தால் வாரக் கணக்கில் மருத்துவமனைவாசம்.

இரைப்பை சுருங்கியதால்தான் எடை குறைகிறது என்று முதலில் எல்லோரும் நம்பினார்கள். முழு விளக்கம் அதுவல்ல. 1999-இல் ஜப்பானியர் கண்டுபிடித்த கிரெலின் என்ற பசித்தூண்டி பெரும்பாலும் இரைப்பையின் மேல் குமிழில்தான் சுரக்கிறது. ஸ்லீவில் போவதும் அந்தக் குமிழ்தான். பைபாஸில் உணவு வேகமாகக் கடைக்குடலை எட்டி, நிறைவைச் சொல்லும் ஜி.எல்.பி.-1 போன்ற சுரப்புகளைக் கூட்டுகிறது. சர்க்கரை நோய் எடை குறையுமுன்பே, சில நாளிலேயே அடங்குவதற்குக் காரணம் இவற்றில்தான் தேடப்படுகிறது. இதற்கும் ஆதிக் குறிப்பு புண் அறுவையில் உண்டு. 1955-இலேயே ஃபிரீட்மன் குழுவினர், புண்ணுக்காக இரைப்பையை எடுத்த மூவருக்குச் சர்க்கரை குறைந்ததை எழுதியிருக்கிறார்கள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நாற்பது ஆண்டு கழித்து, 1995-இல், வால்டர் போரிஸ் நூற்றுக்கணக்கான பைபாஸ் நோயாளிகளின் கணக்கோடு அதையே சொன்னபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

இதற்கிடையில் புண்ணுக்கான அறுவை மறைந்துகொண்டிருந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் என். ரங்கபாஷ்யம் இரைப்பை குடல் அறுவையைத் தனித் துறையாக வளர்த்த காலத்தில் அமிலம் சுரக்கத் தூண்டும் வேகஸ் நரம்பை வெட்டி, கேஸ்ட்ரோஜெஜுனாஸ்டமி போடுவது பயிற்சி மருத்துவர்களின் அன்றாட வேலை. 1970-களின் பிற்பகுதியில் அமிலத்தைக் குறைக்கும் சிமெட்டிடின் மாத்திரை வந்தது, 1980-களின் இறுதியில் ஒமெப்ரசோல். 1982-இல் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபேக்டர் கிருமியைக் கண்டுபிடித்து, புண்ணுக்குக் காரணம் தொற்று என்று நிலைநாட்டினார்கள். இரண்டு வார மாத்திரையில் தீர்வது என்றானபின் கத்திக்கு வேலை குறைந்தது. இன்று பெரும்பாலும் வயிற்றில் ஓட்டை விழுந்து வருபவருக்கும் வழி அடைபட்டு வருபவருக்குமே புண் அறுவை.

கைத்திறன் வீணாகவில்லை. 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹம்டன் உத்வாடியா சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றினார். அதையடுத்த ஆண்டுகளில் கோவையில் சி. பழனிவேலு அதே முறையை இரைப்பை, குடல் அறுவைகளுக்கெல்லாம் விரித்தார். அமெரிக்காவில் விட்குரோவும் கிளார்க்கும் 1994-இல் பைபாஸையே துளை வழியாகச் செய்து காட்டியபின், பெரிய வெட்டுக்காயமும் அதில் குடலிறக்கமும் என்ற பயம் நீங்கியது. 1990-களின் இறுதியில் இந்தியப் பெருநகரங்களுக்கு எடை அறுவை வந்தபோது சென்னையும் கோவையும் ஆயத்தமாக இருந்தன. கிடைக்குமிடம் பெரும்பாலும் தனியார் மருத்துவமனை என்பதால், இது பணக்காரர்களின் அழகு அறுவை என்ற எண்ணம் இங்கே ஊன்றிவிட்டது. காப்பீட்டு நிறுவனங்களும் அப்படியே சொல்லிக் கைவிரித்துவந்தன. 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பொது விதி வகுத்தது: 18 வயது நிறைந்து, பி.எம்.ஐ. குறைந்தது 40 இருந்தாலோ, குறைந்தது 35 இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், கடும் தூக்க மூச்சுத்திணறல் போன்றவை இருந்தாலோ தொகை உண்டு.

அந்த எண்கள் 1991-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் அமெரிக்கருக்கு வகுத்தவை. இந்திய மருத்துவர்கள் 2009-இல் ஒப்புக்கொண்ட எல்லை 37.5, நோய்கள் இருந்தால் 32.5. ஐந்தேகால் அடி, அதாவது 160 சென்டிமீட்டர் உயரமுள்ள சர்க்கரை நோயாளிப் பெண்ணுக்கு 86 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், பி.எம்.ஐ. 33.6. மருத்துவர் கணக்கில் அவர் அறுவைக்கு உரியவர், காப்பீட்டுக் கணக்கில் இல்லை. 2022-இல் உலக அமைப்புகள் எல்லையை இன்னும் இறக்கி, ஆசியருக்கு 27.5-லேயே யோசிக்கலாம் என்றபின் இந்த இடைவெளி அகன்றிருக்கிறது.

இடைவெளி தூரத்திலும் உண்டு. தீர்த்தமலையில் இராமர், குமார, கௌரி, அகத்தியர், அக்கினி தீர்த்தங்களில் நோய் தீரும் என்று நம்பி மலையேறுபவர்கள் இன்றும் உண்டு. அந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிய அறுவை என்றால் சேலமோ வேலூரோதான் வழியாக இருந்தது. தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2008-இல். எடை அறுவைக்கு இன்னும் தூரம் போக வேண்டும். அறுவைக்கு ஒரு முறை போய்விடலாம். பிரச்சினை அதற்குப் பிறகு. பி-12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றுக்கு ஆயுள் முழுக்க மாத்திரையும் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் தேவை. ஒவ்வொரு வாய் உணவையும் நன்றாக மென்று விழுங்க வேண்டும். சோற்றுக்கு முன் முட்டை, பருப்பு, மீன். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. இனிப்பு அதிகமானால் பைபாஸ் ஆனவருக்கு வியர்த்து, படபடத்து, மயக்கம் வரும். டம்பிங் என்ற இந்தத் தொல்லை முதலில் கண்டறியப்பட்டதும் புண் அறுவை ஆனவர்களிடமே. பரிசோதனைக்குத் திரும்பி வராதவர் ஐந்தாறு ஆண்டில் கால் மரத்து, ரத்தசோகையால் வெளிறி வரக்கூடும். வந்த இடத்தில் உள்ள மருத்துவருக்குப் பழைய அறுவை இன்னதென்று தெரியாவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகும். ஸ்லீவா, ரூ-என்-ஒய்யா, மினியா என்பதைத் தமிழில் எழுதிய அட்டை ஒன்று நோயாளி கையில் இருக்க வேண்டியது அதனால்தான்.

ஆபத்து இல்லாத அறுவை இல்லை. தேர்ந்த கைகளில் எடை அறுவையின் இறப்பு விகிதம் பித்தப்பை அறுவைக்கு நெருக்கமாக இறங்கியிருக்கிறது. ஆனால் 2024-இல் சென்னைக்கு அருகே ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு அறுவைக்குச் சென்ற இளைஞர் இறந்து, அரசு விசாரணை நடத்தி அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க நேர்ந்தது. எந்த முறை என்பதைவிட, மயக்க மருத்துவரும் தீவிர சிகிச்சையும் தயாராக உள்ள இடமா என்று முதலில் கேட்பது நல்லது. அறுவைக்கு முன் எண்டோஸ்கோப்பி செய்து ஹெலிகோபேக்டரைத் தேடி ஒழிப்பதும் இப்போது வழக்கம். காரணம், பைபாஸுக்குப் பின் உள்ளே அடைந்துகிடக்கும் கீழ் இரைப்பையைச் சாதாரணக் குழாயால் எட்டிப் பார்க்க முடியாது.

2025 மார்ச்சில் மௌஞ்சாரோ ஊசியும் ஜூனில் வெகோவி ஊசியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. அறுவை கூட்டும் அதே ஜி.எல்.பி.-1 பாதையில் வேலை செய்யும் மருந்துகள் இவை. ஆய்வுகளில் வெகோவி 68 வாரத்தில் சராசரியாக எடையில் 14.9 விழுக்காட்டைக் குறைத்தது. மௌஞ்சாரோ கூடிய அளவில் 72 வாரத்தில் 20.9. அறுவைக்குப் பின் பொதுவாக 25 முதல் 30 விழுக்காடு குறையும், அதில் பெரும்பகுதி பல ஆண்டு நிற்கும். புண் அறுவையை மாத்திரை விழுங்கியதுபோல எடை அறுவையை ஊசி விழுங்கிவிடுமா என்று மருத்துவர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஒப்பீடு முழுதும் பொருந்தவில்லை. ஹெலிகோபேக்டர் மாத்திரையை இரண்டு வாரம் சாப்பிட்டு நிறுத்தினால் பெரும்பாலும் புண் திரும்புவதில்லை. வெகோவியை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது.